பீரோவுக்குள் போக வேண்டியவை

மாவட்டத்தின் இயங்குதளம் கனத்துப்போயிருந்தது. காலையில் விடிவதற்குப் பதினொன்றே கால் ஆகிவிடும். பேருந்து நிலையத்தில் மத்தியானம் ஒருவர் தும்மினால், சத்தம் சாயங்காலம்தான் கேட்கும். ஆகவே வருகிற சனிக்கிழமை முதல் புதிய இயங்குதளம் என்று முடிவாகியிருந்தது. குறைந்தபட்ச நிறுவல். ஓர் இரும்பு பீரோவில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு பீரோவைப் பூட்டுவார்கள். பூட்டும்போது உள்ளே இருப்பது சனிக்கிழமை இருக்கும். வெளியே இருப்பது இருக்காது.

எது உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை செவந்தியப்பனுடையது. மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டின மேஜை. மூன்று வருஷமாக இதே வேலை. ஐம்பத்தோரு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டில் பால் வேண்டாம் என்று பால்காரருக்குச் சீட்டு எழுதினால்கூட மேலே ‘பொருள்’ என்று போட்டு, கீழே கோடு இழுத்துத்தான் எழுதுவார்.

உள்ளே போகக் கேட்டு வருகிற ஒவ்வொன்றும் ஒரு பொதி. பொதிகள் காக்கித்தாளில் சுற்றி, சணலால் கட்டி வரும். சில தாமாக நடந்தும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். படிவத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ‘இது யாரை நம்பி இருக்கிறது’ என்பது ஒன்று. ‘இதை நம்பி யார் இருக்கிறார்’ என்பது மற்றொன்று.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். எளிதில்லை. இந்த மேஜைக்கு வந்த புதிதில் கடிகாரப் பொதியை உள்ளே விட்டார். கையகலம்தான். அது நேர மண்டலப் பொதியை நம்பி இருந்தது. நேர மண்டலத்தைக் கூப்பிட்டதும் உலகத்தில் உள்ள நானூறு ஊர்களும் வந்து நடைபாதையில் வரிசையாக நின்றுவிட்டன. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம். ஒருவர் குளிர்கோட்டு போட்டிருந்தார். இன்னொருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார், அவர் ஊரில் அப்போது தூங்குகிற நேரம். ஒரே ஓர் ஊரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் எழுத்தைத் திருத்துகிற பொதிகள் இரண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்கிறவை. முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் நடுவில் ஒரு செங்கல் வைக்க வேண்டியிருந்தது. செங்கல்லுக்கும் படிவம் கேட்டார்கள்.

இப்படிப் பட்டதில் செவந்தியப்பன் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். எடு. ஒரு நாள் பொறு. யாரும் கேட்காவிட்டால் வேண்டாம்.

இந்த முறையில் மூன்று வருஷத்தில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது பொதிகளை எடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையைக்கூட எடுத்துப் பார்த்தார். கேட்பதென்றால் மறுநாள் வந்து கேட்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை, எல்லோருக்கும் வேலை இருந்தது. யாரும் வரவில்லை. அன்றிலிருந்து சனிக்கு அடுத்தது திங்கள்தான். ஆயிரத்து முந்நூற்று நாற்பது பொதி, ஒரு புகார் இல்லை. அதற்காகக் கொடுத்த பாராட்டுக் கடிதம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

எடுத்த பொதிகளை யாரும் வந்து வாங்குவதில்லை. அதனால் ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஏதோ ஒரு காரியத்துக்கு ஆகும்.

செவ்வாய்க்கிழமை காலை படிவக் கவுண்டரில் இருக்கிற தங்கையா எழுந்து வந்தார். தங்கையாவும் செவந்தியப்பனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“வேய், ஒம்ம வீட்டம்மா பேர்ல ஒண்ணு வந்திருக்கு.”

“என் வீட்டம்மாவா? அவ என்ன பொதியா?”

“என்கிட்ட கேட்டா? படிவம் வந்திருக்கு. படிவம் வந்தா பொதிதானே.”

செவந்தியப்பன் வாங்கிப் பார்த்தார். பெயர், இசக்கியம்மாள். பயன், குறிப்பிடப்படவில்லை. இது யாரை நம்பி இருக்கிறது, காலி. இதை நம்பி யார் இருக்கிறார், காலி.

இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பொதி உள்ளே போகாது. அவர் பேனா மூடியைக் கழற்றி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதப்போனார்.

“கைய எடும்,” என்றார் தங்கையா. “கையெழுத்துப் போடுறவரு பேரு படிவத்துக்குள்ள வரக்கூடாது. ஒம்பதாவது விதி.”

ஒன்பதாவது விதியை எழுதியவர் செவந்தியப்பன்தான். அவர் எழுதிய விதிகளிலேயே அதில்தான் கையெழுத்து மிக அழகாக விழுந்திருந்தது. அவர் பேனாவை மூடினார்.

தனி அலுவலர் குமுதவல்லியின் அறை நடைபாதைக் கோடியில் இருந்தது. நடைபாதை, போகிறவரைப் பொறுத்து நீளும். காரியம் இல்லாமல் போனால் ஆறு கதவு. காரியத்தோடு போனால் எண்ண முடியாது. செவந்தியப்பன் போய்ச்சேர்ந்தபோது பன்னிரண்டரை ஆகியிருந்தது.

“மேடம், இது என் மனைவி.”

“அது பயனா?”

“பயன் இல்ல மேடம். உறவு.”

“உறவுக்குக் கட்டம் இல்லையே.”

“இல்ல மேடம்.”

“ஒரு நாள் எடுத்துப் பாருங்க. யாராவது கேட்டா வெச்சுக்கலாம். உங்க முறைதானே?”

“என் முறைதான் மேடம்.”

“நல்ல முறை,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கோப்பைத் திறந்தார். அதற்குள் ஒரு சின்ன மழை பெய்துகொண்டிருந்தது. மூடி வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் செவந்தியப்பன் விஷயத்தைச் சொன்னார். இசக்கியம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னைய எதுக்கு எடுக்காக?”

“எடுக்கல. எடுத்துப் பாக்கோம்.”

“எத்தன மணிக்கு வரணும்?”

“பத்து மணிக்கு. பெஞ்சுல இருக்கணும். யாராவது ஒன்னைய கேக்காங்களான்னு பாப்போம்.”

“யாரு கேப்பா?”

அவள் ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று ஒதுக்கி வைத்தாள்.

“பெஞ்சுல இருந்தா பசிக்காதாக்கும்? மத்தியானச் சோத்த கையோட எடுத்தாறேன்,” என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவள் வந்துவிட்டாள். இன்னும் விடியவில்லை. விளக்கைப் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, ஒயர் கூடையைக் காலடியில் வைத்து, மணிக்கட்டில் சணலைத் தானே கட்டிக்கொண்டாள். செவந்தியப்பனுக்கு முடிச்சுப் போட வராது.

அவர் தன் மேஜைக்குப் போய் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூன்று ரகப் பட்டாணிப் பொதிகளில் எது தேவை என்று பார்க்கத் தொடங்கினார். பார்க்க முடியவில்லை. பதினோரு மணிவரை யாரும் அவளைக் கேட்கவில்லை. சரி, நாமே கேட்போம் என்று எழுந்தார். பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, ‘இசக்கியம்மாள் வேண்டும்’ என்று சொல்ல வாயைத் திறந்தார்.

வாய் திறந்தது. மூடியது. ஒன்றும் வரவில்லை.

“என்ன, கொட்டாவியா?” என்றாள் இசக்கியம்மாள்.

மறுபடியும் முயன்றார். ‘வேண்டாம்’ என்று சொல்ல வந்தது. ‘போதும்’ என்று சொல்ல வந்தது. ‘நன்றி’ வந்தது. ‘இல்லையே, வேண்டுமே’ என்பது மட்டும் வரவில்லை.

அவர் மேஜைக்குத் திரும்பி, பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். எடுத்த பொதி, வரிசை எண் ஒன்று. புகார் மணி. பித்தளை. ஏதாவது ஒன்று இல்லாமல் போனால் ‘இன்னது இல்லை’ என்று அடிக்கும். சத்தம் அதிகம். வேலை செய்ய விடவில்லை. எடுத்தேன். ஒரு நாள் பொறுத்தேன். யாரும் புகார் செய்யவில்லை. தேவையில்லை.

கீழே அவருடைய கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது.

செவந்தியப்பன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடிக்கு அடியில் இருந்த பாராட்டுக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

அந்த மணியை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார். இசக்கியம்மாள் அதை அடுக்களை நிலையில் மாட்டி, சோறு எடுத்து வைத்ததும் அடிப்பாள். மாவட்டத்தில் எங்கேயும் ஒரு குறையும் கிடையாது. அவர் வீட்டில் மட்டும் உப்பு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, மிக்சி ஓடவில்லை என்று தினமும் ஏதாவது இருந்தது. குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

சரியாக ஒரு மணிக்கு இசக்கியம்மாள் ஒயர் கூடையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். சோறு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. மூடியைத் திறந்து வைத்தாள். கூடைக்குள் கையை விட்டு மணியையும் எடுத்தாள். சோறு போட்டால் மணி அடிக்க வேண்டும். அடித்தாள்.

கூரையிலிருந்து துண்டுச்சீட்டுகள் விழத் தொடங்கின.

மூன்று வருஷத்துச் சீட்டுகள். எங்கள் தெருவில் நிழல் விழுவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் இடப்பக்கம் அச்சாவதில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் காணவில்லை, வீட்டில் தேடிவிட்டோம். நாயைக் கூப்பிட்டால் நாய் வருகிறது, குரைப்பு வரவில்லை. என் பையனுக்கு ஏழு வயது, எட்டு வர மாட்டேன் என்கிறது. சீட்டுகள் முழங்கால்வரை வந்தன. தங்கையா கவுண்டர்மேல் ஏறி நின்றுகொண்டார்.

குமுதவல்லி வந்தார். அவருக்கு நடைபாதை ஒரே எட்டுதான்.

“இது என்ன?”

“புகார் மேடம்,” என்றார் செவந்தியப்பன்.

“எத்தனை நாள் ஆச்சு?”

“மூணு வருஷம்.”

“ஒரு நாளுக்கு மேல ஆனா செல்லாது. உங்க முறைதானே? கூட்டச் சொல்லுங்க.” அவர் குனிந்து மணியைப் பார்த்தார். “இது இல்லாமலா இத்தனை நாள் ஓட்டினீங்க? இது உள்ளே போகணும். தங்கையா, படிவம் போடுங்க. இது யாரை நம்பி இருக்கு?”

தங்கையா மணியைத் தூக்கிப் பார்த்தார். “தானா அடிக்கல மேடம். அடிக்கிற ஆள நம்பி இருக்கு.”

“யார் அடிச்சது?”

“நாந்தான்,” என்றாள் இசக்கியம்மாள். “சோறு ஆறுதுல்லா.”

“அப்ப இவங்களும் உள்ளே.”

செவந்தியப்பனுக்கு மூச்சு வந்தது. இசக்கியம்மாளின் படிவத்தில், இதை நம்பி யார் இருக்கிறார் என்ற கட்டத்தில் ‘மணி’ என்று தங்கையா எழுதினார். எழுதிவிட்டு, அதற்கு மேல் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நீங்க யார நம்பி இருக்கிய, மைனி?”

“இது என்ன கேள்வி. அவுகளத்தான்.”

“பேரு?”

இசக்கியம்மாள் சிரித்தாள். அப்புறம் தங்கையா சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினாள். “அத நான் எப்பிடிச் சொல்ல? கட்டின நாள்லேந்து சொன்னதில்ல.”

“ஒரு தடவ சொல்லும்மா,” என்றார் செவந்தியப்பன். “ஒண்ணும் ஆகாது.”

“நீங்க சும்மா இருங்க.”

“மெதுவாச் சொல்லு. காதோட காதா.”

“நல்லா இருக்கே. தாலியக் கட்டிக்கிட்டுப் பேரச் சொல்லவா? எங்க அக்கா ஒரு தடவ தவறிப்போய்ச் சொல்லிட்டு ஒரு மாசம் பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தா.”

“நான் சொல்லட்டுமா?” என்று தங்கையாவிடம் கேட்டார் செவந்தியப்பன்.

“நீரு சொல்லக்கூடாது. ஒம்பதாவது விதி.”

இசக்கியம்மாள் யோசித்தாள். சுற்றிலும் பார்த்தாள். தட்டச்சு செய்கிற பெண்ணின் கொண்டையில் ஒரு மஞ்சள் பூ இருந்தது. அதைக் கையால் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அந்தா, அதுதான். பாதி அது. மீதி அப்பன்,” என்றாள்.

தங்கையா ‘பூ’ என்று எழுதினார். உடனே பூப் பொதி வந்தது. அது நாரை நம்பி இருந்தது. நார் வாழையை நம்பி இருந்தது. வாழை தண்ணீரை நம்பி இருந்தது. தண்ணீர் மாடிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்டது. தங்கையா அவசரமாக அடித்துவிட்டார்.

“அவுகன்னே எழுதிப்போடும்,” என்றாள் இசக்கியம்மாள். “எல்லாருக்கும் தெரியுமே.”

அப்படியே எழுதினார். இது யாரை நம்பி இருக்கிறது, அவுக.

குமுதவல்லி பட்டியலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் பெயரில் பொதி இல்லை.

“நம்பி இருக்கிறது கிடைக்கலேன்னா நிறுவ முடியாது,” என்றார். “வெள்ளிக்கிழமை அஞ்சு மணிவரைக்கும் இவங்களும் மணியும் மூணாவது தட்டுல இருக்கட்டும். அதுக்குள்ள ‘அவுக’ வரணும். வரலேன்னா ரெண்டையும் எடுத்திருங்க.”

“நான்தான் மேடம் அவுக.”

“உங்க பேர் செவந்தியப்பன்.”

“ஆமா மேடம்.”

“பட்டியல்ல நீங்க எங்க இருக்கீங்க?”

செவந்தியப்பன் பட்டியலைப் பார்த்தார். முதல் பக்கம். கடைசிப் பக்கம். பின்பக்கம். தங்கையா இருந்தார், படிவங்கள் அவரை நம்பி இருந்தன. குமுதவல்லி இருந்தார், பூட்டு அவரை நம்பி இருந்தது. பெஞ்சு இருந்தது. செங்கல்கூட இருந்தது. பட்டியல் போட்டவர் பட்டியலில் தன்னைப் போட்டுக்கொள்ளவில்லை.

“எது வேணும்னு முடிவு பண்றவர், முடிவு பண்ணி முடிச்ச பிறகு எதுக்கு?” என்றார் குமுதவல்லி. கேட்ட விதத்தில் கோபம் இல்லை. “நாளைக்குப் பெஞ்சுல இருங்க. ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம்.”

வியாழக்கிழமை முழுக்க செவந்தியப்பன் பெஞ்சில் இருந்தார். மணிக்கட்டில் சணல். சட்டைப் பையில் அட்டை. அட்டையில் ‘செவந்தியப்பன், தீர்மானிப்பவர்’ என்று அவரே எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை. ஒருவர் வந்து நேரம் கேட்டார். அது கடிகாரத்தைக் கேட்டது. கணக்கில் சேராது என்று தங்கையா சொல்லிவிட்டார்.

பீரோ எதிரில்தான் இருந்தது. ஆனால் பெஞ்சுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருந்தது. மூன்றாவது தட்டில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருப்பது சாயங்காலத்துக்குள் விரல்கடை அளவுக்குத் தெரிந்தது. அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. கேட்கவில்லை. ‘சாப்டீங்களா’ என்பதாக இருக்கலாம். அவர் தலையை ஆட்டினார். சாப்பிட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் விடிந்தது. பீரோவில் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். நேரம் ஒன்று ஆயிற்று. மூன்று ஆயிற்று. பட்டாணி உள்ளே போயிற்று. நாலரைக்கு குமுதவல்லி சாவியை எடுத்து எண்ணெய் போட்டார்.

“‘அவுக’ வந்தாச்சா?”

“இன்னும் வரல மேடம்,” என்றார் தங்கையா. அவர் செவந்தியப்பனைப் பார்க்கவில்லை.

“வேய் தங்கையா,” என்று கூப்பிட்டார் செவந்தியப்பன்.

“சொல்லும்.”

“நான்தான்னு ஒமக்குத் தெரியுமில்லா?”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அட்டையில வேற பேருல்லா இருக்கு.”

நாலே முக்காலுக்கு மணி கேட்டது. ஒரு மணிக்கு இசக்கியம்மாள் சோறு எடுத்து வைத்து அடித்தது அப்போதுதான் வந்து சேர்ந்தது. கூரையிலிருந்து ஒரே ஒரு சீட்டு விழுந்தது. மெதுவாக, இப்படியும் அப்படியும் ஆடி விழுந்தது. தங்கையா எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“சோறு ஆறுது. அவுகளக் காணோம்.”

குமுதவல்லி சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

“புகார் இன்றைய தேதிதான்,” என்றார் குமுதவல்லி. “செல்லும். ஆனா ஆள் வேணுமே.”

செவந்தியப்பன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பள்ளிக்கூடத்தில் இரட்டைக் கோடு போட்ட நோட்டில் நூறு தடவை எழுதிப் பழகின பெயர். ‘செ’வுக்குக் கொம்பு சரியாக விழ ஒரு வருஷம் ஆயிற்று. கொம்பை மட்டும் விட்டுவைக்கலாமா என்று பார்த்தார். வைக்க முடியாது என்று தெரிந்தது.

அட்டையைச் சரக்கென்று கிழிக்கவில்லை. சணலிலிருந்து அவிழ்க்கிற மாதிரி, பெயர் இருந்த மேல்பாதியை ஓரம் பிசகாமல் மடித்து, மடிப்போடு பிரித்து எடுத்து, பெஞ்சில் வைத்தார். கீழ்ப்பாதியில் எழுதினார். அவுக. அடியில் கோடு இழுத்தார்.

தங்கையா வாங்கிப் பார்த்தார். பட்டியலில் சேர்த்தார். யாரை நம்பி, இசக்கியம்மாள். அவரை நம்பி யார், இசக்கியம்மாள்.

“எல்லாம் சரியா இருக்கு மேடம்.”

“அப்ப அனுப்புங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

பெஞ்சுக்கும் பீரோவுக்கும் நாலடிதான் இருந்தது. அவர் முதல் தட்டில் கால் வைத்து, இரண்டாவதைப் பிடித்து, மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தார். பட்டாணியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. இசக்கியம்மாள் மணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் சோறு எடுத்து வைத்திருந்தது.

“எம்புட்டு நேரம்?” என்றாள்.

“வேலை இருந்துச்சு.”

“குழம்பு ஆறிட்டு. அப்படியே சாப்பிடுங்க.”

குமுதவல்லி கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்த சத்தம் உடனே கேட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே விடிந்தது. எல்லாம் சுறுக்காக நடந்தது. மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டி மேஜை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. பெஞ்சின்மேல் அட்டையின் மேல்பாதி மட்டும் கிடந்தது. முத்து முத்தான எழுத்து. பட்டியலில் இல்லாததால் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் பொறுத்தார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தங்கையா அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் வீட்டு ஜன்னல் காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். இடுக்கில் மடித்து வைத்தார். நின்றுவிட்டது.